முதலாளி தேய்த்துப் பார்த்த கை

அப்பாவின் லிப்ஸ்டிக் கம்பெனி மொத்தமும் இப்போது மிருணாளினிக்குத்தான். பொறுப்பேற்ற முதல் நாளே பேக்கிங் பிரிவு எஸ்தரைக் கூப்பிட்டனுப்பினாள். இருபது வருடமாக ஒவ்வொரு புது நிறத்தையும் அப்பா தேய்த்துப் பார்த்தது எஸ்தருடைய மணிக்கட்டில்தான். மகள் கையை நீட்டினால், “உனக்கெதுக்கும்மா இந்தக் கெமிக்கல்லாம்” என்று விலக்கிவிடுவார்.

எஸ்தரை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் மேசைமேல் கையெழுத்துக்காகக் கிடந்தது.

“அப்பா எப்படித் தேய்ப்பாரு?”

“கட்டைவிரலாலதான் மேடம், மெதுவா. அப்புறம் காயறதுக்கு ஊதிவிடுவாரு.”

ஊதியும் விடுவாரா? மிருணாளினி கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு மணிக்கட்டை நீட்டினாள்.

“தேய்ங்க.”

எஸ்தர் தயங்கித் தயங்கித் தேய்த்தாள். சிவப்பு படர்ந்தது. தேய்த்து முடித்துக் கையை விடப் போனாள்.

“இன்னும் ஊதலையே” என்றாள் மிருணாளினி.