மல்லியா, பிச்சியா?

“எது மல்லி, எது பிச்சி? சொல்லிட்டுப் போங்க சார்.”

கம்பெனி முதலாளி பிரியம்வதா இரண்டு கோப்பைகளை விஸ்வநாத் பக்கம் நகர்த்தி வைத்தாள். இரண்டிலும் ஒரே நிறத்தில் தேநீர். ஒவ்வொன்றின் பக்கத்திலும் லேபிள் இல்லாத ஒரு டின்.

விஸ்வநாத் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

மதுரை காளவாசலில் ஒரு மாடியில் நடக்கிற கம்பெனி அது. சந்தா கட்டினால் மாதம் ஒரு பெட்டி வீடு தேடி வரும். ஒரு மாதம் நீலகிரி, ஒரு மாதம் டார்ஜிலிங், ஒரு மாதம் வெள்ளைத் தேயிலை. எதை அனுப்பலாம், எது ஆகாது என்று முகர்ந்தும் குடித்தும் பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. ‘மூக்கு’ விஸ்வநாத் என்றால் குன்னூர் வரைக்கும் தெரியும். அந்த மூக்குதான் சித்திரையில் வந்த காய்ச்சலோடு போய்விட்டது. காய்ச்சல் விட்டது, வாசனை திரும்பவில்லை.

வெளியே சொன்னால் வேலை போய்விடும். வாசனை தெரியாத ஆளை வைத்துக்கொண்டு தேயிலைக் கம்பெனி என்ன செய்யும்? அதனால் சாம்பிளை எல்லாம் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுபோவார். மனைவி சாவித்ரி முகர்ந்து சொல்வாள். மறுநாள் அதையே இவர் கண்ணை மூடிக்கொண்டு இங்கே ஒப்பிப்பார்.

போன மாதம் சாவித்ரி தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போன நேரமாகப் பார்த்து அசாம் தேயிலை வந்து தொலைந்தது. குருட்டாம்போக்கில் ‘நல்லா இருக்கு’ என்று சொல்லிவிட்டார். ஒரே சாக்கு வாடை என்று திருப்பரங்குன்றத்துச் சந்தாதாரர் ஒருவர் போனிலேயே கிழி கிழியென்று கிழித்துவிட்டார்.

இந்த மாதம் பூவோடு கலந்து வைத்து மணம் ஏற்றிய தேயிலை. பெட்டியின் மேல் ‘மதுரை மல்லி’ என்று அச்சடித்தாகிவிட்டது. பிச்சி அடுத்த மாதத்துக்கு. உள்ளே பிச்சி போனால் நாறிவிடும். மதுரைக்காரர்களை வேறு எதில் ஏமாற்றினாலும் பூவில் ஏமாற்ற முடியாது.

“வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாப் பாத்து...”

“இல்ல சார். கூரியர் வண்டி கீழ நிக்குது. என் கண்ணு முன்னாலயே சொல்லுங்க.”

“லேபிள் என்னாச்சு மேடம்?”

“ஈரம் பட்டு உரிஞ்சு போச்சு.”

“அப்ப எது எதுன்னு உங்களுக்கே...”

“எனக்குத் தெரியும். உங்க வாயால வரட்டும்.” அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. “உள்ள அடுப்புல பால் வச்சிருக்கேன். நீங்க சொல்லி முடிங்க, உறைப்பா இஞ்சி தட்டிப் போட்டு ஒரு டீ குடிப்போம்.”

சந்தேகமே இல்லை, சோதனைதான். சாக்கு வாடைக்கு இன்று பதில் கேட்கிறாள்.

விஸ்வநாத் ஒரு வாய் குடித்தார். நாக்குக்குச் சூடு தெரிந்தது, கொஞ்சம் துவர்ப்பு தெரிந்தது. அவ்வளவுதான். டின்னை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். பிச்சிப்பூ இதழில் லேசாகச் சிவப்பு ஓடியிருக்கும். ஒரே ஒரு இதழ் அகப்பட்டால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம். சுத்தமாகச் சலித்து வைத்திருந்தார்கள், பாவிகள். சாவித்ரிக்குப் போன் போட்டும் பிரயோஜனமில்லை. வாசனை போனில் போகாது.

தலையை நிமிர்த்திப் பிரியம்வதாவைப் பார்த்தார். மல்லி டீ விற்கிறவள் தலையில் வாசனையே இல்லாத கனகாம்பரம். மூக்கு குழம்பிவிடக் கூடாது என்று வைத்திருக்கிறாள் போல. இவளிடம் தப்ப முடியாது என்று நினைத்துக்கொண்டார்.

“என்ன சார், இம்புட்டு நேரம்? மல்லி எதுன்னு சின்னப் புள்ளகூடச் சொல்லிருமே.”

அவர் மீனாட்சியை நினைத்துக்கொண்டு வலதுபக்கக் கோப்பையைத் தொட்டார்.

“இது மல்லி.”

பிரியம்வதா அந்தக் கோப்பையை எடுத்து மூக்கருகே வைத்தாள். வைத்தவள் வைத்தபடியே இருந்தாள். விஸ்வநாத் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வயதில் இன்னொரு கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான் என்று மனம் அடித்துக்கொண்டது.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“சரியாச் சொன்னீங்க சார்.”

போன உயிர் திரும்பி வந்தது. அவள் வலதுபக்க டின்னை எடுத்துப் பெட்டிகளில் நிரப்பப் போனாள்.

அப்போதுதான் கூரியர் வண்டிக்கார ராஜபாண்டி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறி ஓடி வந்தான்.

“என்ன மேடம், இங்கனயேதான் உக்காந்திருக்கீங்களா? பால் தீஞ்சு தெருமுனை வரைக்கும் நாறுது. எனக்குக் கீழயே கொமட்டிக்கிட்டு வருது.” சொல்லிக்கொண்டே அடுப்பை அணைக்க உள்ளே ஓடினான்.

விஸ்வநாத் பிரியம்வதாவைப் பார்த்தார். அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். டின் அவள் கையிலேயே நின்றது.

“உங்களுக்கும் தெரியலையா சார்?” அவள் டின்னைக் கீழே வைத்தாள். “எனக்கும் அதே காய்ச்சல்லதான் வாசனை போச்சு. இதுல எது மல்லின்னு சத்தியமா எனக்குத் தெரியாது. உங்க மூக்கை நம்பித்தானே இத்தனை நாளும் கம்பெனிய ஓட்டுனேன்.”

விஸ்வநாத் தலையைக் குனிந்துகொண்டார்.

“அது என் மூக்கு இல்ல மேடம். சாவித்ரி மூக்கு.”