பட்டாள ஆர்டர்

சரக்கைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் முந்திரி தின்ற விரல்களை மேஜையில் கிடந்த பனியனில் துடைத்தார்.

பனிமலையில் நிற்கும் ஜவானுக்காகத் தைத்த பனியன் அது.

எழுந்து போயிருப்பேன். ஆனால் என் மகன் சிவசுப்பிரமணியம் என்னை அவருக்கு எதிரே உட்கார வைத்துவிட்டு, நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். என் சட்டையில் பதக்கத்தைக் குத்திவிட்டதும் அவன்தான்.

"அப்பா சீனாச் சண்டைக் காலத்துல பட்டாளத்துல இருந்தவருங்க," என்றான். அன்று அது மூன்றாவது தடவை.

"அப்படிங்களா! அப்ப ஐயா சொன்னா மறுபேச்சு இல்லீங்க," என்றார் இன்ஸ்பெக்டர், வாயில் முந்திரியோடு.

மண்ணரையில் எங்கள் பனியன் கம்பெனி தொடங்கிப் பதினாறு வருடம். வாசல் பலகையில் என் தகப்பனார் நல்லான் பெயர் இருக்கிறது. வெளிநாடு போன பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இரண்டாயிரத்து மூன்றில் இந்தப் பட்டாள ஆர்டர் கிடைத்தபோது எங்கள் ஊரான மடத்துக்குளத்துச் சொந்தபந்தங்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னவன் நான். நாற்பதாயிரம் முழுக்கை உள்பனியன். கம்பளி கலந்த நூல். ஊரில் எங்கள் வீட்டுக்கே பட்டாளத்தார் வீடு என்றுதான் பெயர்.

அன்று காலையில்தான் ஒரு பனியனை முதன்முதலாகக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

இழுத்தேன். இழுத்தபடியே தொங்கிப்போனது. ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். சாலையில் போகிற பஸ் தெரிந்தது.

"என்னய்யா பாக்கீக?" என்றாள் செக்கிங் மேஜையில் நின்ற பாண்டியம்மாள். தெற்கத்திக்காரி. "அம்புட்டும் கழிவு நூலு. அதிகாரி கண்ணுக்குக் காட்ட ஆயிரம் பீஸ் மட்டும் கம்பளி போட்டுத் தச்சோம். எந்தம்பி லடாக்குல நிக்கான். இதுல ஒண்ணு அவனுக்குப் போயிரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேதான் மடிக்கேன்."

பயப்படாமல் சொன்னாள். பட்டாளத்தார் காதில் விழுந்தால் போதும் என்று நினைத்திருப்பாள்.

மகனைக் கூப்பிட்டேன்.

"ஏண்டா, இது பனியனா, கொசுவலையா?"

"சொன்ன நூலு மில்லுல கிடைக்கலீங்கப்பா. தேதி தவறுனா ஆர்டரே போயிருமுங்க. உள்ளுக்குப் போடற துணிய யாருங்க பாக்கப் போறாங்க?"

அவன் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

சண்டை என்றால் இவனுக்கு டிவியில் ஆடுகிற கொடி. விரல் குளிரில் மடங்காமல் போனால் துப்பாக்கி வெறும் இரும்பு. அறுபத்திரண்டில் நம் ஆட்கள் பருத்திச் சட்டையோடு மலையேறினார்கள். எதிரே வந்தவன் பஞ்சு திணித்துத் தைத்த கோட்டுப் போட்டிருந்தான். அதைப் பார்த்த மாத்திரத்தில் நம் ஆட்களுக்கு மனசு விட்டுப்போனது. அவனுடைய ஆலை வேலை செய்திருக்கிறது, நம்முடையது செய்யவில்லை என்பது நடுங்குகிற உடம்புக்கு உடனே தெரிந்துவிடும். இதை வருடாவருடம் சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்தில் பேசிவருகிறேன்.

என் மகன் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியிருக்கிறான்.

முந்திரி தீர்ந்ததும் இன்ஸ்பெக்டர் எழுந்தார். குடோனுக்குப் போனோம்.

கூரைவரை அட்டைப் பெட்டிகள். நானூறு. பாண்டியம்மாள் பெட்டி பிரிக்கப் பிளேடோடு நின்றாள்.

இன்ஸ்பெக்டர் அண்ணாந்து பார்த்தார். அவருடைய விரல் பின்வரிசைப் பக்கம் போயிற்று. சிவசுப்பிரமணியத்தின் காதோரம் வியர்வை இறங்கியது. பிறகு அவருக்கு என்ன தோன்றியதோ, என் பக்கம் திரும்பினார்.

"ஐயாவே ஒரு பெட்டியக் காட்டட்டுமுங்க. அத மட்டும் பிரிப்போம். பாஸா, ஃபெயிலான்னு அதுலயே முடிச்சுக்கலாம்."

சுத்தச் சோம்பேறித்தனம். அதற்கு மரியாதை என்று ஒரு பெயர்.

நல்ல பனியன் இருந்த பெட்டி பத்துக்கு மேல் இராது. மற்ற எதைக் காட்டினாலும் போதும். ஒரு பனியன்கூட மலைக்குப் போகாது. மறுநாள் தினசரியில் நல்லான் பெயர் வரும். கல்யாண வீடுகளில் நாங்கள் நுழையும்போது பேச்சு நிற்கும்.

பாண்டியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவை ஒட்டிய அடுக்கில், நெஞ்சு உயரத்தில் இருந்த பெட்டியைக் காட்டினேன்.

அவள் பிளேடால் கீறினாள். உள்ளே கம்பளி. கனமாக, மெத்தென்று, எண்ணெய் வாடையோடு.

அதன்பிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒரு பனியனை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "ராசியான கைங்க!" என்று சொல்லி, நின்றவாக்கிலேயே கையெழுத்துப் போட்டார்.

கார் கிளம்பிப் போனதும் மகன் என் அருகில் வந்தான். காலையிலிருந்து முதல் தடவையாக அவன் குரல் இறங்கியிருந்தது.

"ஏனுங்கப்பா, எந்தப் பெட்டின்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

யாரும் சொல்லவில்லை.

சோதிக்க வருகிறவன் குனியமாட்டான், ஏணியும் ஏறமாட்டான். பெட்டி அடுக்குகிறவன் எவனுக்கும் அது தெரியும்.

அறுபத்திரண்டில் நான் மலையில் இல்லை. கீழே சமவெளியில், சப்ளைக் கிடங்கில் இருந்தேன். வீட்டில் யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. மேலே போக வேண்டிய கம்பளி ஜெர்சி மூட்டைகள் என் பொறுப்பில் இருந்தன. முக்கால்வாசியைப் பூச்சி அரித்திருந்தது. நல்ல மூட்டைகளைத் தேடிப் பிடித்துக் கதவோரம் அடுக்கினேன்.

அன்றைக்கும் சோதிக்க வந்த அதிகாரி என்னைத்தான் ஒரு மூட்டையைக் காட்டச் சொன்னார்.