ஊசி எலும்பு

"ஒடிஞ்சு போன எலும்பைக் கையில கொடுத்துட்டு, முழுசாக் காட்டுன்னா எப்படி சார் காட்டறது?"

தேர்வுக்கு வந்த மாணவி சுபாஷிணி இப்படிக் கேட்டதும் டாக்டர் ராஜகோபாலனின் முகம் கடுகடுத்தது. தில்லியின் அந்த மருத்துவக் கல்லூரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குத் தலைவர் அவர். அவரிடம் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு என்றாலே பிள்ளைகளுக்குப் பயம்.

"மண்டையோட்டுக்கு அடியில, காதுக்குக் கீழே, ஊசி மாதிரி நீட்டிக்கிட்டிருக்கும் ஸ்டைலாய்டு. பசங்க கைபட்டுக் கைபட்டு எல்லா எலும்பு செட்லயும் ஒடிஞ்சுதான் கிடக்கு. அது இருந்த இடத்தைக் காட்டினாப் போதும்மா. தமிழ்ப் பொண்ணாச்சேன்னு சுலபமாத்தானே கேட்டேன்?"

காட்டினாள்.

"நீளம்?"

"சாதாரணமா ரெண்டரை சென்டிமீட்டர். சிலருக்கு அதுக்கு மேலயும் வளர்ந்துடும் சார். எச்சில் முழுங்கினாக்கூட முள்ளு குத்தற மாதிரி வலிக்கும். தலையைத் திருப்பினா காது வரைக்கும் இழுக்கும்."

அவர் சிரித்துவிட்டார். "அதெல்லாம் புஸ்தகத்துல. என் சர்வீஸ்ல ஒண்ணுகூடப் பார்த்ததில்ல. வயசுப் பொண்ணுங்க தொண்டை வலின்னு வந்து நின்னா அது மனசுதான். மனசுல எழுதி வச்சுக்கோ."

"வச்சுக்க மாட்டேன் சார்."

"என்னது? ஃபெயில் போட்டா ஆறு மாசம் வீணாப் போயிடும், தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன? கூடப் படித்தவர்கள் எல்லாரும் டாக்டராகி வார்டுக்குள் போக, இவள் மட்டும் மறுபடி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

"போடுங்க சார். வலிக்குதுன்னு சொல்றவளைப் பொய்க்காரின்னு சொன்னாத்தான் பாஸ்னா, அந்தப் பாஸ் எனக்கு வேண்டாம்."

வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே மெலிதாக ஓர் எலும்புத் துண்டு. "ஆபரேஷன்ல வெட்டி எடுத்த ஸ்டைலாய்டு சார்." ராஜகோபாலன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஸ்கேலை வைத்து அளந்தார். வெட்டி எடுத்த துண்டே மூன்று சென்டிமீட்டரைத் தாண்டியது. நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார்.

"அரே! அபூர்வமான கேஸ்ம்மா இது!" குரலில் கடுப்பெல்லாம் போய்விட்டிருந்தது. "யாரோ ஒரு மடையன் கவனிக்காம விட்டிருக்கான், இவ்வளவு வளர்ற வரைக்கும். என்கிட்ட வந்திருந்தா விரலால தொட்டுப் பார்த்தே சொல்லியிருப்பேன். யாரோட பேஷண்ட்?"

"உங்க பேஷண்ட்தான் சார்" என்றாள் சுபாஷிணி. "நான் பன்னெண்டாங் கிளாஸ் படிக்கறப்போ, நம்ம தமிழ் டாக்டராச்சேன்னு எங்கம்மா என்னை உங்ககிட்டதான் கூட்டிட்டு வந்தாங்க. நீங்க வாயைக்கூடத் திறக்கச் சொல்லாம, 'சீக்கிரம் ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைங்க, எல்லாம் சரியாயிடும்'னு அனுப்பி வச்சீங்க."