சத்தம் நின்ற கணினி

திலகவதி டீச்சரின் கணினி அடிக்கடி உறைந்துபோனது. சென்னையிலிருந்தபடியே அதைத் தன் திரையில் திறந்து பார்த்த கணினி மெக்கானிக் ஜெரால்டு, ஒலியை வரவைக்கும் டிரைவர் என்ற மென்பொருள்தான் காரணம் என்று கண்டுபிடித்து அதை நீக்கிவிட்டான். பிறகு கணினி எங்கும் நிற்காமல் ஓடியது.

“சரியாயிடுச்சு மேடம்,” என்றான் போனில்.

“என்ன தம்பி, செத்துப்போச்சா?”

“ஸ்க்ரீனைப் பாருங்க மேடம், நல்லா ஓடுது.”

“எனக்குக் கண்ணு தெரியாதுப்பா. அது வாசிச்சுச் சொன்னாத்தான் எனக்குத் தெரியும்.”

மூன்று நாளாக ஜெரால்டு அவரிடம் பேசுகிறான். திரையைப் பாருங்கள் என்று எத்தனை முறை சொல்லியிருப்பான்! அவசரமாகப் பழைய டிரைவரையே திரும்ப ஏற்றினான். போனுக்குள் ஓர் இயந்திரக் குரல் மடமடவென்று வாசிக்கத் தொடங்கியது.

“மறுபடியும் நின்னு நின்னுதான் ஓடும் மேடம்,” என்றான்.

“நிக்கட்டும்ப்பா. பேசுதுல்ல!”