ஜெனரேட்டர் சத்தம்

"ஜெனரேட்டர் சத்தம் போயிப் பேச்சு மட்டும் கேட்டாப் போதுங்க தம்பி" என்றபடி அப்புசாமி வீடியோ கேசட்டை மேஜைமேல் வைத்தார். அவர் மனைவி பாவாயி பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

புதுச்சத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள். சேலத்தில் பழைய கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் நதீமின் மாடிக் கடைக்குக் கல்யாணக் கேசட்டுகள்தான் அதிகம் வரும். இது புதுமனை புகுவிழா. இருபத்தாறு வருடத்துக்கு முந்தியது.

"எந்த இடங்கய்யா முக்கியம்?"

"எம் மச்சான் செங்கோட்டையன், இவளோட அண்ணன், சீர்த்தட்டோட வாசல்ல வந்து நிப்பாரு. அப்ப உள்ள யாரோ வேண்டாத பேச்சு ஒண்ணு பேசிட்டாங்க. பேசுனது நாந்தான்னு அவரு காதுல போட்டுட்டாங்க. கை நனைக்காமப் போன மனுசன், இன்னைக்கு வரைக்கும் எங்கூட்டு வாசல் மிதிக்கல."

"ஒரு மன்னிப்புக் கேட்டுப் பார்க்கலாமேங்கய்யா?"

"கேட்டேனுங்க. மன்னிப்பெல்லாம் வேண்டாம், கேசட்டைப் போட்டு யாரு பேசுனதுன்னு பாருங்கங்கறாரு. அடுத்த மாசம் எங்க பொண்ணு சௌந்தர்யாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாம எப்படிங்க அவளை மணவறையில உக்கார வெக்கறது?"

நதீம் கேசட்டை ஓடவிட்டு ஸ்பீக்கரைப் போடக் கை நீட்டினான். அப்புசாமி தடுத்தார்.

"அது வேண்டாங்க. நாங்க கேட்டா இங்கயே சண்டை வந்துரும். நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

நதீம் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். யாரும் பேசாமல் ஜெனரேட்டர் மட்டும் இரைகிற ஒரு துண்டைத் தேடிப் பிடித்து, இதுதான் இரைச்சல், இதை மட்டும் எடு என்று கம்ப்யூட்டருக்கு அடையாளம் காட்டினான். ஒரேயடியாக எடுத்தால் பேச்சும் தகரத்தைத் தட்டுவது போல் ஆகிவிடும். கொஞ்சம் எடுத்தான், கேட்டான், மறுபடியும் கொஞ்சம் எடுத்தான்.

நான்காவது முறை பேச்சு பளிச்சென்று வந்தது.

"அக்காளுக்கு அத்தனை செஞ்ச எங்கண்ணன், எனக்கு இதைத் தூக்கிட்டு வந்திருக்கான். வாசல்லயே வெச்சுட்டுப் போகச் சொல்லு."

நதீம் நிமிர்ந்து பாவாயியைப் பார்த்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தவள், கண்ணாலேயே கெஞ்சினாள்.

இத்தனை வருடம் புருஷன் தலையில் பழி இருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாளே என்று நதீமுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு பாவமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அப்புசாமியின் பழி இந்த நிமிடமே தீர்ந்துவிடும். ஆனால் இந்த அம்மா இனிமேல் புருஷன் முகத்தில் எப்படி விழிப்பாள்?

"என்னங்க தம்பி, யாரு குரல்?"

"தெரியலைங்கய்யா" என்றான் நதீம். "ஜெனரேட்டர் சத்தம் பேச்சையும் சேர்த்து முழுங்கிடுச்சு. இதை எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் இதுக்கு மேல வராது."

தொழிலில் அவன் அதுவரை பொய்யே சொன்னதில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தன் வேலையைத் தானே மட்டம் தட்டிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்புசாமி பாவாயியைத் திரும்பிப் பார்த்தார்.

"சரி, உடுங்க. நாந்தான் பேசுனேன்னு கையெடுத்துக் கும்புட்டு மச்சானைக் கூட்டியாரேன். பொண்ணு கல்யாணத்தை விட அது பெருசா? பாவாயி, நீ கீழ போயி ரெண்டு டீ சொல்லு சாமி. நான் பின்னாலயே வாரேன்."

பாவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அவள் கடைசிப் படி இறங்கும்வரை காத்திருந்துவிட்டு, அப்புசாமி மேஜைமேல் குனிந்தார்.

"உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தவிச்சுட்டிருந்தேன், நீங்களாவே தெரியலைன்னு சொல்லிட்டீங்க. அன்னைக்கு அவ அதைப் பேசறப்ப நான் கதவுக்குப் பின்னாலதானுங்க நின்னுட்டிருந்தேன். மச்சானுக்குப் போட்டுக் காட்டணும், அந்த இடத்துல மட்டும் ஜெனரேட்டர் சத்தத்தை இன்னுங் கொஞ்சம் கூட்டிக் குடுங்க தம்பி."