ஆண்டு ஏற ஏற

வீடு வீடாகக் கணக்கெடுத்த எட்டுப் பேரில் ஏழு பேர் கொண்டுவந்த தாள்கள் ஒரே கதையைச் சொல்லின. எட்டாவது ஆளான ந்யாமுந்தாலியின் முப்பத்தெட்டுத் தாள்கள் மட்டும் தலைகீழாக நின்றன.

கண்டுபிடித்தவள் டெம்வா. பட்டம் வாங்கி நான்கு மாதம். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அதனால் மூன்று முறை சரிபார்த்துவிட்டுத்தான் ஆய்வை நடத்தும் ம்ஹாங்கோ சாரிடம் போனாள்.

ஆய்வு இதுதான். ம்ஸிம்பா கிராமங்களிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குப் பிழைக்கப் போன ஆண்களின் வீடுகளில் இரண்டு கேள்வி. அவன் போய் எவ்வளவு காலம்: ஒரு வருடத்துக்குள்ளா, மூன்றுக்குள்ளா, ஏழுக்குள்ளா, அதற்கும் மேலா? திரும்பி வருவான் என்று எவ்வளவு நம்புகிறீர்கள்? நம்பிக்கையைச் சொல்லால் அளக்க முடியாது. அதனால் கையில் ஐந்து பயறு கொடுப்பார்கள். நம்புகிற அளவுக்குத் தட்டில் போட வேண்டும். மனைவி தனியாக, மாமியார் தனியாக.

பிறகு இரண்டிரண்டு வீடாக எடுத்து ஒப்பிடுவாள் டெம்வா. அதிக காலம் காத்திருக்கிற வீட்டில் பயறு குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா? ஏழு பேரிடமும் காலம் ஏற ஏறப் பயறு இறங்கியது. ந்யாமுந்தாலியிடம் பயறும் சேர்ந்து ஏறியது. ஏழு வருடம் தாண்டிய வீடுகளில் எல்லாத் தட்டிலும் ஐந்து.

"வீட்டுல உக்காந்து நிரப்பியிருக்காங்க," என்றார் ம்ஹாங்கோ. "ஒரு வீட்டுக்கு நீயே போய்க் கேளு. ஒத்துவரலைன்னா அவங்களுக்கு இனிமே இங்க வேலை இல்ல."

அந்தச் சம்பளத்தில்தான் ந்யாமுந்தாலியின் மகள் நர்சுக்குப் படிக்கிறாள் என்பது டெம்வாவுக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருக்கலாம்.

வழி காட்ட ந்யாமுந்தாலியே வந்தாள். பட்டம் வாங்கியவளுக்கு எங்கள் பயறு மேல் சந்தேகமாம் என்று சைக்கிள் டாக்ஸிக்காரனிடம் சொல்லிச் சிரித்தாள். ஊர் வந்ததும், காது கேட்காத தூரத்தில் ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆமோன் என்பவனின் வீடு. போய்ப் பதினொரு வருடம்.

மனைவி ந்யாஜெரேயைச் சோளக் குதிரின் நிழலுக்கு அழைத்துப்போய்க் கேட்டாள் டெம்வா. அவள் ஐந்து பயற்றையும் கொஞ்ச நேரம் மூடிய கைக்குள்ளேயே வைத்திருந்தாள். தட்டில் ஒன்றும் போடவில்லை.

"கூட வேலை பார்த்தவரு நாலு வருஷம் முன்னாடியே வந்து சொல்லிட்டாரு. அங்கயே புதைச்சுட்டாங்களாம். அத்தைக்குத் தெரியாது. தெரிஞ்சா தாங்காது." பிறகு மெதுவாகச் சொன்னாள். "இப்பவும் சாயந்தரம் பஸ் சத்தம் கேட்டா எந்திரிச்சு நிக்கறேன். அது வேற."

மாமியார் வீட்டுக்குப் பின்னால் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பயறு ஐந்தையும் டெம்வாவின் கையிலேயே திருப்பி வைத்தாள். அவளுக்குத் தேவாலயம் வழியாக அதே சேதி வந்திருந்தது. மருமகளிடம் சொல்லவில்லை.

"சொன்னா தாய்வீட்டுக்குப் போயிடுவா. போகவேண்டியவதான். ஆனா இன்னிக்கும் அவனுக்குன்னு ஒரு தட்டுல சோறு எடுத்து மூடி வெக்கிறா. அவளும் போயிட்டா, என் பையனுக்கு யாரும்மா எடுத்து வெப்பாங்க?"

இருவருக்கும் பூஜ்ஜியம் எழுதினாள் டெம்வா. ந்யாமுந்தாலியின் தாளில் இதே வீட்டுக்கு ஐந்து, ஐந்து. பொய்தான்.

ஒரு வேலை மட்டும் பாக்கி. எழுதியதை வீட்டார் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்து உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கைநாட்டு வாங்க வேண்டும். ஏமாற்று நடக்கக் கூடாது என்று வைத்த விதி.

இருவரும் பாயில் வந்து உட்கார்ந்தார்கள். டெம்வாவைப் பார்க்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போய்ப் பதினொரு வருஷம்," என்று படித்தாள் டெம்வா. அடுத்த வரியில் இரண்டு பூஜ்ஜியம்.

"மருமக, அஞ்சு," என்றாள். "மாமியார், அஞ்சு."

மாமியார் மருமகளின் முழங்காலைத் தட்டினாள். "பாத்தியா? நீயும் நானும் ஒண்ணுதான்."

மருமகள் சிரித்தாள். இருவரும் பெருவிரலில் மை தொட்டுத் தாளில் வைத்தார்கள்.

திரும்பி நடக்கும்போது டெம்வாதான் கேட்டாள்.

"உங்ககிட்டயும் ஒண்ணும் இல்லன்னுதானே காட்டுனாங்க, அக்கா?"

"ஆமா. காலம் ஆன வீடெல்லாம் இப்படித்தான்."

"மத்த ஏழு பேரும் பூஜ்ஜியம்னுதானே எழுதியிருக்காங்க?"

"அவங்க படிச்சே காட்டறதில்ல. கைநாட்ட வாங்கிட்டுக் கிளம்பிடறாங்க."

டெம்வா தயங்கினாள். "வாயால அஞ்சுன்னு சொல்லிட்டு, தாள்ல நெசத்த எழுதியிருக்கலாமே. நான் அப்படித்தான் செஞ்சேன்."

ந்யாமுந்தாலி நின்றுவிட்டாள்.

"படிக்கத் தெரியாதவங்க நம்ம வாயை நம்பித்தான் விரலை வெக்கிறாங்க. காதுல விழுந்தது ஒண்ணு, விரல் வெச்சது வேற ஒண்ணுக்குன்னா, அதுக்குப் பேரு என்னடி?"

அலுவலகம் திரும்பியதும் டெம்வா அறிக்கை எழுத உட்கார்ந்தாள்.

உரக்கப் படிக்கும் விதியிலிருந்து பயறுக் கேள்வியை எடுத்துவிட வேண்டும், அந்த முப்பத்தெட்டு வீட்டுக்கும் ந்யாமுந்தாலியையே மறுபடி அனுப்ப வேண்டும் என்று அறிக்கையில் எழுதினாள். கடைசியாக ஒரு கட்டம் காலியாக இருந்தது: கைநாட்டு வைத்தவரை ஏமாற்றியவர் யாரேனும் உண்டா?

பேனாவை எடுத்துத் தன் பெயரை முழுதாக எழுதினாள்: டெம்வா சிரம்போ.