நாற்காலிக்கு ஏற்ற முகம்

“தப்பா நினைக்காத ஆத்தா. வர்றவங்க முதல்ல பார்க்குறது முகத்தைத்தானே?” என்றார் நல்லதம்பி.

பிரகதீஸ்வரி கன்னத்தைத் தடவிக்கொண்டார். முந்திரிக்கொட்டை வறுத்த காலத்தில் ஓட்டிலிருந்து எண்ணெய் தெறித்து, அவருடைய இடது கன்னம் முழுக்கக் கருந்தழும்பு.

கந்தர்வக்கோட்டை முந்திரி விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனி அது. தலைவர் பதவி காலியானதிலிருந்து எல்லாவற்றையும் கவனித்துவந்தவர் பிரகதீஸ்வரிதான். இன்று திருச்சியிலிருந்து பெரிய ஸ்வீட் கடை முதலாளி ஆர்டர் பேச வருகிறார். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஆர்டரை வாங்குகிறவரே அடுத்த தலைவர் என்று இயக்குநர்கள் பேசி வைத்திருந்தார்கள்.

“வெற்றிசெல்வன் உட்காரட்டும். ஆளைப் பார்த்தாலே கலெக்டர் மாதிரி இருக்காப்ல,” என்றார் நல்லதம்பி. இயக்குநர்களில் நல்லதம்பிதான் மூத்தவர்; வெற்றிசெல்வன் இளையவர்.

“முந்திரி வாங்க வாராங்களா, மாப்பிள்ளை பார்க்க வாராங்களா?” என்றார் கொட்டை உடைக்கும் மணிமேகலை.

“விடு மணி. ஆர்டர் கிடைச்சாப் போதும். நான் டீ கொண்டாரேன்,” என்று பிரகதீஸ்வரி நகர்ந்தார்.

முதலாளி சுடர்விழி வந்தார். நாற்காலியில் இருந்த வெற்றிசெல்வன் கம்பீரமாக வரவேற்றார். தரம், விலை, பேக்கிங் என்று சொல்லிக்கொடுத்ததையெல்லாம் தடங்கல் இல்லாமல் பேசினார். நல்லதம்பிக்கு உச்சி குளிர்ந்தது.

“எல்லாம் சரி,” என்றார் சுடர்விழி. “கஜா மாதிரி இன்னொரு புயல் வந்தா? தீபாவளிக்குச் சரக்கு வரும்னு நம்பலாமா?”

சொல்லிக்கொடுத்ததில் இது இல்லை.

வாசலில் நின்ற பிரகதீஸ்வரி டீத் தட்டைக் கீழே வைத்தார். “வரும்ங்க. ஆனா கொஞ்சம் பிந்தும். முதல்ல எங்க ஆளுங்க வீட்டுக்குக் கூரை போடணும். அப்புறந்தான் ஒங்க சரக்கு.”

ஆர்டர் போச்சு என்று நல்லதம்பி தலையில் கை வைத்துக்கொண்டார்.

சுடர்விழி பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்துத் தன் கையெழுத்தைப் போட்டார். பிரகதீஸ்வரியிடம் நீட்டினார்.

“தலைவர் கையெழுத்து இங்க போடணும்மா.”

“மேடம், தலைவர் இவருங்க,” என்று நல்லதம்பி பதறி, வெற்றிசெல்வனைக் காட்டினார்.

“நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். புயலைப் பத்திக் கேட்டேன் பாருங்க, ஒடனே இங்க இருக்கிற அத்தனை முகமும் இந்தம்மா பக்கம் திரும்புச்சு.”

சுடர்விழி பேனாவையும் நீட்டினார்.

“முதல்ல திரும்புனது, அந்த நாற்காலியில இருந்த முகம்தான்.”